வரைபடத்தில் அமைதி, மொட்டை மாடியில் இரைச்சல்

கேள்வி: ஐயா, எங்கள் குடியிருப்பு விமான நிலைய ஓடுபாதையின் முனையிலிருந்து சுமார் 8 கிலோமீட்டர் தள்ளி, சற்றுப் பக்கவாட்டில் இருக்கிறது. வீடு வாங்குவதற்கு முன் நான்கு முறை வந்து பார்த்தோம். தலைக்கு மேல் ஒரு விமானம்கூடப் போகவில்லை. கடந்த ஆண்டு புறப்பாட்டுப் பாதைகளை மாற்றினார்களாம். அதிலிருந்து எல்லாமே கோடு கிழித்த மாதிரி எங்கள் மொட்டை மாடிக்கு மேலேதான் போகின்றன. பகலில் நூறாவது இருக்கும். இரவு ஒரு மணிக்கு மேல் நான்கு சரக்கு விமானங்கள். முதல் விமானத்தில் விழித்துக்கொள்ளும் அம்மா அப்புறம் விடியும்வரை உட்கார்ந்தே இருக்கிறார். புகார் எழுதினால், “உங்கள் பகுதியில் பகல் சராசரி 57 டெசிபல், இரவுச் சராசரி 46. வரம்புக்கு உட்பட்டதே” என்று பதில் வருகிறது. என் போனில் ஒவ்வொரு விமானத்துக்கும் 75 காட்டுகிறது. யார் சொல்வது பொய்? விரைவில் விரிவாக்கத் திட்டத்துக்கான கருத்துக்கேட்புக் கூட்டம் நடக்கப்போகிறது. பாதையை மாற்றச் சொல்லி மனு கொடுக்கலாம் என்கிறது சங்கம். ஜன்னலை மாற்றலாம், மரம் நடலாம் என்றும் யோசனைகள் வருகின்றன. நான் சங்கச் செயலாளர். என்ன செய்யட்டும்?

பதில்: அன்புள்ள செயலாளருக்கு,

இருவருமே பொய் சொல்லவில்லை. உங்கள் போன் 75 என்றதும் சரி, அவர்கள் 57 என்றதும் சரி. என்னால் அதை ஒரு துண்டுக் காகிதத்தில் போட்டுக் காட்ட முடியும். இருபது வருடத்துக்கு மேல் ஒலி அளவீட்டுத் தொழிலில் இருக்கிறேன். விமான நிலையங்களுக்காகவும் அளந்திருக்கிறேன், குடியிருப்போர் சங்கங்களுக்காகவும் அளந்திருக்கிறேன். இரண்டு தரப்புக்கும் எண் ஒன்றாகவேதான் வந்தது. அதைச் சொல்லும் விதத்தில்தான் சண்டையே.

கணக்கைப் பாருங்கள். ஒரு விமானம் கடக்கும்போது சத்தம் மெல்ல ஏறி, 75-ஐத் தொட்டு, இறங்கிவிடும். அந்த மொத்த ஆற்றலையும் ஒரே விநாடியில் அடைத்தால் ஏறக்குறைய 85 டெசிபல் வரும். அப்படி நூறு விமானங்களின் ஆற்றலைக் கூட்டி, பகல் 16 மணி நேரத்தின் 57,600 விநாடிகளுக்கும் சமமாகப் பரப்பினால் கிடைப்பது 57. உங்களுக்கு வந்த பதிலில் இருந்த அதே எண். இடையில் இருக்கும் அமைதியான நிமிடங்கள் எல்லாம் சேர்ந்து எண்ணைக் கீழே இழுத்துவிடுகின்றன.

இரவுக் கணக்கு இன்னும் சுவாரசியம். 75 டெசிபலில் நான்கு விமானம், எட்டு மணி நேரம் என்று வைத்துப் பரப்பினால் 46 வருகிறது. நல்ல நூலகத்தின் அமைதி என்று சொல்லலாம். ஆனால் உங்கள் அம்மா தூங்குவது அந்தச் சராசரிக்குள் இல்லை. ஒரு மணிக்கு வரும் முதல் விமானத்துக்கும் அடுத்ததற்கும் நடுவில்தான் அவர் தூங்கியாக வேண்டும்.

சராசரி என்பது ஏமாற்று வேலை என்று நான் சொல்லவில்லை. நீண்டகால எரிச்சலையும் இதய நோய் போன்ற பாதிப்புகளையும் ஆராயும்போது அது ஓரளவு நன்றாகவே பொருந்துகிறது. அதனால்தான் உலகெங்கும் அரசுகள் அதைப் பிடித்துக்கொண்டன. அமெரிக்காவில் நாள் முழுவதற்குமான சராசரியில் இரவு விமானங்களுக்கு 10 டெசிபல் கூட்டுகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியத்தில் மாலைக்கு 5, இரவுக்கு 10. டெசிபல் மடக்கைக் கணக்கு என்பதால், 10 கூட்டுவதற்கு ஓர் இரவு விமானத்தைப் பத்துப் பகல் விமானமாக எண்ணுவது என்று அர்த்தம். கேட்க நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் எல்லைக் கோட்டை எங்கே போடுகிறார்கள் என்று பாருங்கள். அமெரிக்க அரசு பல்லாண்டுகளாக 65 என்ற கோட்டையே பயன்படுத்தி வருகிறது. 2021-ல் அவர்களே வெளியிட்ட பெரிய கருத்தாய்வில், எந்தச் சத்தத்தில் எத்தனை பேர் எரிச்சலடைவார்கள் என்று காட்டும் பழைய ஆய்வு வளைவு சொன்னதைவிட மிகக் குறைந்த அளவிலேயே மக்கள் கடுமையாக எரிச்சலடைகிறார்கள் என்று தெரிந்தது. உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு 2018-ல் பரிந்துரைத்த அளவு, விமானச் சத்தத்துக்கு நாள் முழுவதும் 45, இரவில் 40. ஐரோப்பிய அரசுகள் கட்டாயமாக வரைய வேண்டிய இரவு இரைச்சல் வரைபடமோ 50-ல் தொடங்குகிறது. உங்கள் 46-ஐ அதில் பொருத்தினால், பரிந்துரையைத் தாண்டிய வீடு, வரைபடத்தில் இல்லாத வீடு. இரண்டும் ஒரே வீடு.

ஆகவே கூட்டத்தில் சராசரியோடு மல்லுக்கு நிற்காதீர்கள். அவர்கள் ஊர், அவர்கள் மைதானம். அங்கே நீங்கள் ஜெயிக்க மாட்டீர்கள். உங்களுக்குத் தேவை இன்னொரு எண். ஆஸ்திரேலியாவில் இதே பிரச்சினை வந்தது. சிட்னியில் 1994-ல் மூன்றாவது ஓடுபாதை திறந்தபோது, இரைச்சல் வரைபடத்தின் எல்லைக் கோட்டுக்கு வெளியே இருந்தவர்கள் தங்களுக்குச் சத்தம் வராது என்று நம்பிக்கொண்டிருந்தார்கள். வந்தது. பெரிய அரசியல் புயலே கிளம்பியது. அதற்கப்புறம் அந்த அரசின் போக்குவரத்துத் துறை 2000-ல் ஓர் அறிக்கை போட்டு, சாதாரண மனிதனுக்குப் புரிகிற மாதிரி ‘என்70’ என்ற அளவைப் பரப்பியது. ஒரு நாளில் எத்தனை விமானங்கள் வெளியே 70 டெசிபலைத் தாண்டின? அவ்வளவுதான், வெறும் எண்ணிக்கை. ஏன் 70? ஜன்னல் திறந்த வீட்டில் சுமார் 10 டெசிபல் குறைந்து உள்ளே 60 வரும். அதில் பேச்சு தடைபடும், தொலைக்காட்சி கேட்காது. உங்கள் வீட்டுக்கு இந்த எண் பகலில் 100, இரவில் 4. இதை எந்தக் கூட்டத்தில் சொன்னாலும் விளக்கவுரை தேவைப்படாது.

அந்த எண்ணை நீங்களே சேகரிக்கலாம். போன் அளவி தீர்ப்புக்கு உதவாது, ஆனால் குறிப்பேட்டுக்குப் போதும். சுவரிலிருந்து தள்ளி நின்று அளங்கள். சுவரில் எதிரொலித்து 3 டெசிபல்வரை கூடுதலாகக் காட்டும். காற்று மைக்கில் நேராக மோதினால் அளவு பொய்யாகிவிடும். ஒருமுறை ஒரு மொட்டை மாடியில் இரவு முழுக்கக் கருவி வைத்துவிட்டு, காலையில் பார்த்தால் மூன்று மணிக்கு ஏழு ‘விமானங்கள்’ பதிவாகியிருந்தன. ஒலிப்பதிவைப் போட்டுக் கேட்டோம். கீழே ஒரு நாய். அன்றிலிருந்து எந்த அளவீட்டிலும் நேரத்தோடு ஒலிப்பதிவும் இல்லாமல் நான் எண்ணை நம்புவதில்லை. நீங்கள் தேதி, நேரம், உச்ச அளவு, விமானத் தடம் காட்டும் செயலியில் தெரிந்த விமான வகை, உயரம், காற்றின் திசை ஆகியவற்றைக் குறித்துக்கொள்ளுங்கள். பதினைந்து நாள் செய்தால் போதும்.

காற்றின் திசை எதற்கு என்று கேட்பீர்கள். வீடு பார்க்க நான்கு முறை வந்தபோது ஏன் ஒரு விமானமும் வரவில்லை என்பதற்கான விடையில் பாதி அதில் இருக்கிறது. விமானங்கள் எதிர்க்காற்றில்தான் ஏறும், எதிர்க்காற்றில்தான் இறங்கும். காற்று திரும்பினால் ஓடுபாதையின் பயன்பாடும் திரும்பும். நீங்கள் வந்த நான்கு நாளும் அவை எதிர்ப்பக்கமாகப் புறப்பட்டிருக்கலாம். ஓடுபாதையின் எந்த முனையை ஆண்டில் எத்தனை சதவீதம் பயன்படுத்துகிறார்கள் என்று நிலையத்திடம் எழுதிக் கேளுங்கள். ஆண்டுச் சராசரி வரைபடம் இந்த இரண்டு திசைகளையும் கலந்து வரைந்தது. உங்கள் பக்கம் புறப்படும் நாட்களை மட்டும் பிரித்தால் எண் நிச்சயம் ஏறும்.

மீதிப் பாதி விடை, நீங்களே சொன்ன அந்தக் ‘கோடு’. முன்பு புறப்படும் விமானங்கள் விசிறி விரித்த மாதிரிப் பரவிப் போகும். கட்டுப்பாட்டாளர் ஒன்றை இப்போது திருப்பச் சொல்வார், இன்னொன்றை அரை நிமிடம் கழித்து. செயற்கைக்கோள் வழிகாட்டல் வந்தபின், ஒவ்வொன்றும் தண்டவாளத்தில் போவது போல ஒரே கோட்டில் போகிறது. எரிபொருள் மிச்சம், கட்டுப்பாட்டாளருக்கு வேலை குறைவு, பாதிக்கப்படும் மொத்த மக்கள்தொகையும் காகிதத்தில் குறைவு. ஆனால் கோட்டுக்குக் கீழே இருப்பவர் எல்லாவற்றையும் வாங்கிக்கொள்கிறார். அமெரிக்காவின் ஃபீனிக்ஸ் நகரில் 2014 செப்டம்பரில் இப்படித்தான் பாதைகளை மாற்றினார்கள். பழைய குடியிருப்புகளில் புகார் குவிந்தது. நகராட்சியும் குடியிருப்போரும் வழக்குப் போட்டார்கள். 2017-ல் மேல்முறையீட்டு நீதிமன்றம், மக்களைச் சரியாகக் கலந்துபேசாமல், பாதிப்பைச் சரியாக ஆராயாமல் அந்த நாட்டு மத்திய விமானப் போக்குவரத்து நிர்வாகம் நடந்துகொண்டது என்று தீர்ப்பளித்தது. சத்தம் அதிகம் என்பதை அல்ல, செய்த முறை தவறு என்பதைத்தான் நீதிமன்றம் பிடித்தது. உங்கள் பாதை மாற்றத்துக்கு முன் என்ன ஆய்வு நடந்தது, யாரிடம் கருத்துக் கேட்டார்கள் என்ற ஆவணங்களைக் கேட்பதுதான் உங்கள் முதல் கடிதமாக இருக்க வேண்டும்.

இப்போது சங்கத்தின் யோசனைக்கு வருகிறேன். ‘பாதையை மாற்று’ என்ற மனுவை நான் ஆதரிக்கவில்லை. மாற்றினால் அந்தக் கோடு பக்கத்துக் குடியிருப்பின் மேல் விழும். அடுத்த கூட்டத்துக்கு அவர்கள் உங்களைவிடப் பெரிய கூட்டமாக வருவார்கள். நிலையத்துக்கு அது வசதி. இரண்டு சங்கங்களையும் மோதவிட்டு நடுவில் நின்றுகொள்ளலாம். இதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். கூட்ட அரங்கின் இடது பக்கம் ஒரு குடியிருப்பு, வலது பக்கம் இன்னொன்று. அதிகாரிகள் மேடையில் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தார்கள்.

அதற்குப் பதில் ‘முறை வைத்துப் பகிர்’ என்று கேளுங்கள். லண்டன் ஹீத்ரோவில் தரையிறங்கும் ஓடுபாதையைப் பிற்பகல் 3 மணிக்கு மாற்றுகிறார்கள். ஒரு வாரம் காலையில் இரைச்சல் என்றால் அடுத்த வாரம் மாலையில். மொத்த டெசிபல் அப்படியேதான் இருக்கிறது. ஆனால் எப்போது அமைதி என்று முன்கூட்டியே தெரியும். தோட்டத்தில் உட்கார, குழந்தையைத் தூங்க வைக்க, நேரத்தைத் திட்டமிடலாம். என் அனுபவத்தில், 2 டெசிபல் குறைத்துக் கொடுப்பதைவிட நிச்சயமான நான்கு மணி நேர அமைதியைத்தான் ஜனங்கள் விரும்புகிறார்கள். 2 டெசிபல் வித்தியாசத்தைப் பலரால் காதில் உணரவே முடியாது.

அரசுக் கொள்கை எந்தச் சட்டகத்துக்குள் ஓடுகிறது என்பதையும் தெரிந்துவைத்துக்கொள்ளுங்கள். கூட்டத்தில் ‘சமநிலை அணுகுமுறை’ என்ற சொல்லைக் கட்டாயம் கேட்பீர்கள். ஐ.நா.வின் சர்வதேச சிவில் விமானப் போக்குவரத்து அமைப்பு 2001-ல் ஏற்றுக்கொண்டது. இரைச்சலைக் குறைக்க நான்கு வழி உண்டு: விமானத்தையே சத்தம் குறைந்ததாக்குவது, சுற்றியுள்ள நிலத்தைத் திட்டமிடுவது, பறக்கும் முறையை மாற்றுவது, கடைசியாகப் போக்குவரத்துக்கே கட்டுப்பாடு போடுவது. கடைசி வழியை முதலில் கையில் எடுக்கக் கூடாது என்பதுதான் அதன் உயிர்நாடி. ஐரோப்பாவில் இது சட்டமாகவே இருக்கிறது. நெதர்லாந்து அரசு ஆம்ஸ்டர்டாம் ஸ்கிபோல் நிலையத்தின் விமான எண்ணிக்கையை வெட்ட முயன்று, இந்த நடைமுறையை ஒழுங்காக முடிக்கவில்லை என்ற சிக்கலில் மாட்டி, 2023 நவம்பரில் அப்போதைக்குப் பின்வாங்கியது. அமெரிக்காவும் எதிர்ப்புத் தெரிவித்திருந்தது. இதற்கு மறுபக்கமும் உண்டு. 2024 மார்ச்சில் ஹேக் நீதிமன்றம், அதே ஸ்கிபோலைச் சுற்றி வாழ்பவர்களின் உரிமைகளை அரசு போதுமான அளவு காக்கவில்லை என்று தீர்ப்பளித்தது. ஒரு பக்கம் வெட்டாதே, மறுபக்கம் காப்பாற்று. அமைச்சர்கள் படும் பாட்டைப் பார்த்தால் சில சமயம் பாவமாகத்தான் இருக்கிறது.

முதல் வழியைப் பற்றி விமான நிறுவனங்கள் பெருமையாகப் பேசும். பேசலாம், தப்பில்லை. முதல் தலைமுறை ஜெட்களோடு ஒப்பிட்டால் இன்றைய விமானங்கள் சுமார் 20 டெசிபல் குறைவு. பிரிட்டிஷ் கணிதவியலாளர் ஜேம்ஸ் லைட்ஹில் 1952-ல் ஒரு விதியைச் சொன்னார்: ஜெட் பீறிடும் சத்தத்தின் ஆற்றல், காற்று வெளியேறும் வேகத்தின் எட்டாவது படியைப் பொறுத்து ஏறும். வேகத்தைப் பாதியாக்கினால் ஆற்றல் 256-ல் ஒரு பங்கு. அதனால்தான் இன்றைய எஞ்சின்களின் முகம் அவ்வளவு அகலம். நிறையக் காற்றை மெதுவாகத் தள்ளி அதே உந்துதலைப் பெறுகின்றன. சின்னச் சின்ன இடங்களிலும் சத்தம் ஒளிந்திருக்கும். ஏர்பஸ் ஏ320 இறங்கும்போது ஒரு விநோதமான விசில் வரும். காரணம், இறக்கையின் அடியில் எரிபொருள் தொட்டியின் அழுத்தத்தை விடுவிக்கும் வட்டமான துளைகள். பாட்டில் வாயில் குறுக்காக ஊதினால் வருமே, அதே சங்கதி. துளைக்கு முன்னால் கையளவுத் தகடு ஒன்றை ஒட்டியதும் விசில் நின்றுவிட்டது. லுஃப்தான்சா 2014-லிருந்து தன் விமானங்களில் இதைப் பொருத்தியது. இப்படிப்பட்ட திருத்தங்களைச் செய்யாத விமானங்களுக்குத் தரையிறங்கும் கட்டணத்தைக் கூட்டினாலே நிறுவனங்கள் தாமாக வழிக்கு வரும்.

ஆனால் விளம்பர எண்களில் ஒரு தந்திரம் உண்டு. 2017 இறுதியிலிருந்து பெரிய புதிய ரகங்களுக்கு நடைமுறைக்கு வந்த சர்வதேசத் தரம், 1970-களின் தரத்தைவிட 17 டெசிபல் குறைவு என்பார்கள். அந்த 17, மூன்று அளவிடங்களின் கூட்டுத்தொகை. ஒன்று ஓடுபாதைக்குப் பக்கவாட்டில், ஒன்று புறப்பாட்டில் ஓடத் தொடங்கிய இடத்திலிருந்து 6.5 கிலோமீட்டரில், ஒன்று தரையிறங்கும் பாதையில் ஓடுபாதைக்கு 2 கிலோமீட்டர் முன்னால். உங்கள் காதில் விழும் குறைவு சராசரியாக ஐந்தாறு டெசிபல்தான். அதுவும் புதிதாகச் சான்று பெறும் ரகங்களுக்கு. இரவு ஒரு மணிக்கு வரும் பழைய சரக்கு விமானத்தை அந்தத் தரம் தொடாது.

பறக்கும் முறை விஷயத்தில் உங்களுக்கு ஒரு சின்ன ஆயுதம் இருக்கிறது. புறப்படுவதற்கு இரண்டு வகையான சத்தக் குறைப்பு முறைகள் உண்டு. ஒன்று செங்குத்தாக ஏறி, ஓடுபாதைக்கு அருகில் இருப்பவர்களுக்கு உதவும். மற்றொன்று சீக்கிரமே வேகம் எடுத்து, தொலைவில் இருப்பவர்களுக்கு உதவும். 8 கிலோமீட்டரில் இருக்கும் உங்களுக்குப் பெரும்பாலும் இரண்டாவதுதான் நல்லது. எதைப் பயன்படுத்துகிறார்கள், ஏன் என்று கேளுங்கள். லாபம் ஓரிரு டெசிபலைத் தாண்டாது, ஆனால் இந்தக் கேள்வியைக் கேட்டவுடன் மேடையில் உள்ளவர்கள் உங்களை வேறு மாதிரிப் பார்ப்பார்கள். படிப்படியாக நிற்காமல் தொடர்ச்சியாக இறங்கும் முறை, இறங்கும் கோணத்தைக் கூட்டுவது எல்லாம் இறங்கு பாதைக்குக் கீழே இருப்பவர்கள் கேட்க வேண்டியவை. அதிலும் வழக்கமான 3 பாகைக் கோணத்தை 3.2 ஆக்கினால் உயரம் கூடுவதால் கிடைப்பது அரை டெசிபல் அளவே.

நிலத் திட்டமிடல்தான் எல்லா நாட்டிலும் கேட்பாரற்றுக் கிடக்கிறது. விமானங்கள் அமைதியாக ஆக, வரைபடக் கோடு நிலையத்தை நோக்கிச் சுருங்கும். சுருங்கியதும் உள்ளூர் நிர்வாகம் அந்த இடத்தில் வீடு கட்ட அனுமதி கொடுத்துவிடும். அப்புறம் விமான எண்ணிக்கை பெருகும், கோடு திரும்ப விரியும், புதிதாகக் கட்டின வீடுகள் அதற்குள் அகப்பட்டுக்கொள்ளும். உங்கள் குடியிருப்புக்கு எந்த ஆண்டு வரைபடத்தை வைத்து அனுமதி கொடுத்தார்கள் என்று பாருங்கள். இது விமான நிலையத்தின் குற்றம் அல்ல. கேள்வி நகரமைப்புத் துறைக்குப் போக வேண்டும். தவறான வாசலில் தட்டினால் மரியாதையான பதில் கிடைக்கும், வேறு ஒன்றும் கிடைக்காது.

உங்களுக்கு உண்மையில் எது வேண்டும்? இரவுதான் என்பது என் கருத்து. தூக்கத்தில் இருப்பவர் விழிக்காவிட்டாலும் உடம்பு ஒவ்வொரு விமானத்துக்கும் பதில் சொல்கிறது, இதயத் துடிப்பு ஏறுகிறது. இரவுக்கு வரம்பு போட்டதற்கு முன்னுதாரணங்களும் நிறைய. சிட்னியில் 1995-ன் சட்டப்படி இரவு 11 முதல் காலை 6 வரை, சில விலக்குகளோடு, விமானத் தடை. ஃபிராங்க்ஃபர்ட்டில் 2011-ல் நான்காவது ஓடுபாதை திறந்த அதே மாதம், நீதிமன்ற உத்தரவால் இரவு 11 முதல் 5 வரை தடை வந்தது. அடுத்த ஆண்டு கூட்டாட்சி நிர்வாக நீதிமன்றமும் அதை உறுதிசெய்தது. விரிவாக்கமும் இரவுத் தடையும் கையோடு கை கோத்து வந்தன என்பதைக் கவனியுங்கள். விரிவாக்கம் கேட்கும் நேரம்தான் நிலையம் விட்டுக்கொடுக்கும் நேரம்.

முழுத் தடை கிடைக்காது என்றால் ஹீத்ரோ மாதிரி இருக்கிறது. இரவு 11.30 முதல் காலை 6 வரை ஆண்டுக்கு 5,800 விமானங்கள் என்று எண்ணிக்கை வரம்பு. அதன் மேல் ஒரு புள்ளிக் கணக்கு: சான்றிதழில் உள்ள சத்தம் ஒவ்வொரு 3 டெசிபல் ஏறும்போதும் விமானத்தின் புள்ளி இரட்டிப்பாகும். பருவத்துக்கு இத்தனை புள்ளிதான் செலவழிக்கலாம். 1993-லிருந்து ஓடுகிறது. எனக்கு இந்த ஏற்பாடு பிடிக்கும். சத்தமான விமானத்தைக் கொண்டுவந்தால் கையிருப்பு சீக்கிரம் தீரும் என்று நிறுவனமே கணக்குப் போடும். ஆனால் புள்ளி மட்டும் போதாது, எண்ணிக்கை வரம்பும் கூடவே வேண்டும். புள்ளி மட்டும் என்றால், அமைதியான விமானங்களைக் கொண்டுவந்து எண்ணிக்கையைக் கூட்டிவிடுவார்கள். ஒரு விமானம் 10 டெசிபல் குறைந்தால், அதே சராசரியில் பத்து மடங்கு விமானங்களை ஓட்டலாம். சராசரி மாறாது. உங்கள் அம்மா விழிப்பது நான்கிலிருந்து நாற்பதாகும்.

மனுவில் இப்படி ஒரு வாக்கியம் வையுங்கள்: “விரிவாக்கத்துக்கு அனுமதி அளிப்பதாயின், இரவு 11 முதல் காலை 6 வரையிலான புறப்பாடுகளுக்கு ஆண்டு எண்ணிக்கை உச்சவரம்பு ஒன்றை நிபந்தனையாகச் சேர்க்க வேண்டும், புதிய விமானங்களால் குறையும் சத்தத்தின் பலனில் குடியிருப்போருக்கு உரிய பங்கைத் திட்ட அறிக்கையிலேயே குறிப்பிட வேண்டும்.” கூடவே, உங்கள் பகுதியில் நிரந்தர அளவுக் கருவி ஒன்றும், அதன் பதிவுகளை மாதந்தோறும் பொதுவில் வெளியிடுவதும், என்70 வரைபடமும் கேளுங்கள். பகல், இரவு, காற்றின் இரண்டு திசை என்று தனித்தனியாக. பள்ளிகள் அந்தக் கோட்டில் இருந்தால் அதையும் சேருங்கள். மியூனிக்கில் 1992-ல் பழைய நிலையம் மூடிப் புதியது திறந்தபோது ஆராய்ச்சியாளர்கள் இரு பக்கத்துக் குழந்தைகளையும் முன்னும் பின்னும் சோதித்தார்கள். புதிய நிலையத்தருகே வாசிப்பும் நீண்டகால நினைவாற்றலும் குறைந்தன. பழைய நிலையத்தருகே மேம்பட்டன. இவ்வளவு தெளிவான இயற்கைச் சோதனை எங்கள் துறையில் அரிது. சத்தம் நின்றால் பாதிப்பு மீளும் என்பதும் அதில் தெரிந்தது.

புகார்களை எல்லோரும் தினம் அனுப்ப வேண்டுமா? வேண்டாம். வாஷிங்டன் ரீகன் நிலையத்துக்கு 2015-ல் வந்த 8,760 புகார்களில் 6,852 ஒரே வீட்டிலிருந்து வந்தவை. அவர்கள் வலி உண்மையாகவே இருக்கட்டும், ஆனால் அந்த ஒரு எண்ணைக் காட்டியே மற்ற எல்லோரையும் ஓரங்கட்டிவிடலாம். நூறு வீடுகளிலிருந்து ஆளுக்கொரு புகார் என்பது அதைவிடப் பலமானது.

ஜன்னல் விஷயம். நல்ல இரட்டைக் கண்ணாடி உதவும், மூடியிருக்கும் வரை. சுவர்ப் பரப்பில் நூற்றில் ஒரு பங்கு திறந்திருந்தால் போதும், மற்றது எவ்வளவு கனமாக இருந்தாலும் 20 டெசிபலுக்கு மேல் தடுக்க முடியாது. காற்றோட்டத் துளை, ஏசி குழாய் நுழையும் ஓட்டை, கதவுக்கடி இடைவெளி எல்லாம் அந்த ஒரு பங்குக்குள் வந்துவிடும். அப்புறம், சத்தம் மேலிருந்து வருகிறது. கூரை மெல்லியதாக இருந்தால் ஜன்னலுக்குச் செலவழித்தது வீண். மூடிய அறைக்குச் சத்தம் தடுக்கும் காற்றோட்டக் கருவியும் சேர்ந்தால்தான் அது தூங்குகிற அறை. நிலையம் ஒலித்தடுப்புத் திட்டம் தருவதாகச் சொன்னால், காற்றோட்டமும் கூரையும் சேர்ந்ததா என்று கேட்டு எழுத்தில் வாங்குங்கள். உங்கள் கையிலிருந்து போடுவதாக இருந்தால், முதலில் அம்மாவின் அறையை மட்டும் செய்து பாருங்கள்.

மரம் சத்தத்தைப் பெரிதாகக் குறைக்காது. ஸ்கிபோலில் 2003-ல் வந்த ஒரு ஓடுபாதையின் அருகே, விவசாயிகள் நிலத்தை உழுத பிறகு சத்தம் குறைவதைக் கவனித்து, மண்மேடுகளையும் பள்ளங்களையும் வரிசையாக அமைத்து ஒரு பூங்காவே கட்டினார்கள். நன்றாக வேலை செய்கிறது. ஆனால் அது ஓடுபாதையில் ஓடும்போது தரையோடு தவழ்ந்து வரும் சத்தத்துக்கு. உங்கள் தலைக்கு நேர் மேலே வருவதற்கு மரமும் மேடும் குறுக்கே நிற்காது.

குறிப்பேட்டின் பதினைந்து நாளும் முடிந்ததும், நிலையம் அனுப்பும் ஓடுபாதைப் பயன்பாட்டுக் கணக்கையும் சேர்த்து எனக்கு அனுப்புங்கள். மனுவின் எண்களைச் சரிபார்த்துத் தருகிறேன். காற்று உங்கள் பக்கம் வராத நாட்களின் பக்கங்களையும் கிழிக்காமல் அனுப்புங்கள், எனக்கு அவையும் வேண்டும்.